பொடியன் கைவைத்த கடியாரம்

எங்கள் வீட்டில் ஏதாவது பழுதானால் அதை முதலில் என் கண்ணில் படாமல் ஒளித்துவைப்பார்கள். திருத்துகிறவரைத் தேடுவது அதற்குப் பிறகுதான். போன வருஷம் கிரைண்டர் அப்படித்தான் தப்பியது. கட்டிலுக்கடியில் சாக்கைப் போர்த்திக்கொண்டு கிடந்துவிட்டு, நான் பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கப் போயிருந்த ஒரு காலையில் சத்தமில்லாமல் நுவரெலியாவுக்குப் போய்த் திரும்பியது. ரேடியோவுக்கு அந்த அதிர்ஷ்டம் இல்லை. அதைப் பூட்டிய பிறகு கையில் மிஞ்சிய ஆணிகள் இன்னும் ஒரு மாமைட் போத்தலுக்குள் இருக்கின்றன. எதற்கும் உதவும் என்று நான்தான் எடுத்துவைத்தேன். எதற்கும் உதவவில்லை.

குழாய்க் கதை ஊருக்கே தெரியும். பொதுக் குழாயில் சொட்டுச் சொட்டாய்க் கசிந்துகொண்டிருந்தது. ஆள் வரும்வரை பொறுக்காமல் ஸ்பேனரோடு போனேன். கசிவு நின்றது, அதோடு தண்ணீரும் நின்றது. 109 மீட்டர் உயரத்திலிருந்து இரவும் பகலும் தண்ணீர் கொட்டுகிற இறம்பொடையில் ஒரு வரிசை வீடுகளை வெறும் குடத்தோடு படுக்கவைத்தவன் நான் ஒருத்தனாகத்தான் இருப்பேன்.

அப்பாவின் கைக்கடியாரத்தை மட்டும் யாரும் ஒளிக்கவில்லை. அது பழுதாகவில்லை, அதனால் யாருக்கும் தோன்றவில்லை.

எண்பது தாண்டிய பிறகுதான் அப்பா கண்புரைக்கு ஆபரேஷன் செய்துகொண்டார். கட்டு அவிழ்த்துவிட்டு வந்ததும் வீட்டை ஒரு சுற்றுப் பார்த்தார். சுவரில் சுண்ணாம்பு உதிர்ந்திருப்பது தெரிந்தது. எனக்குத் தலை நரைத்திருப்பது தெரிந்தது. இரண்டைப் பற்றியும் ஒரு வார்த்தை சொன்னார். பிறகு கையைத் திருப்பி மணி பார்த்தார். கண்ணைச் சிமிட்டிவிட்டு மறுபடியும் பார்த்தார்.

"கண்ணு தெளிஞ்சிருச்சி. இதுதான் தெளியல்ல."

அவர் அதை யாரிடமும் சொல்லவில்லை, தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். பக்கத்தில் நான் இருந்தது அவருடைய கெட்ட நேரம்.

கடியாரம் எச்.எம்.டி. ஜனதா. தினம் ஒருமுறை சாவி கொடுக்க வேண்டிய ரகம். 1961-ல் ஜப்பானின் சிட்டிசன் கம்பெனியோடு சேர்ந்து இந்திய அரசு பெங்களூரில் ஆரம்பித்த தொழிற்சாலையின் பிள்ளை. அது எங்கள் தோட்டத்துக்கு வந்த வழி கொஞ்சம் சுற்றுவழி. 1964-ல் சிறிமாவோவும் சாஸ்திரியும் கையெழுத்துப் போட்ட ஒப்பந்தம் எங்கள் சனத்தில் 525,000 பேரை இந்தியாவுக்கு என்று கணக்கெழுதியது. அந்தக் கணக்கில் என் அத்தையும் வந்தார். தலைமன்னாரில் கப்பலேறி, மண்டபம் முகாமில் கிடந்து, கடைசியில் கோத்தகிரியில் மறுபடியும் கொழுந்தே எடுக்கப் போனார். எழுபதுகளில் கப்பல் ஓடிக்கொண்டிருந்தபோது அண்ணனைப் பார்க்க ஒருமுறை வந்தவர் வெறுங்கையோடு வரவில்லை. வெளிநாட்டுச் சாமானுக்கு இங்கே அரசாங்கம் கதவைச் சாத்தியிருந்த காலம் அது. கடியாரம் கட்டிய கை என்றால் துரையின் கை, கிளாக்கரின் கை. தேயிலை ஸ்டோரில் ரோலருக்குக் கொழுந்து போடுகிற அப்பாவின் கையிலும் ஒன்று ஏறியது. முகப்பில் நாகரி எழுத்தில் என்னவோ இருந்தது. "தண்ணி உள்ள போகாதுன்னு எழுதியிருக்கு" என்று அப்பா ஸ்டோர் முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தார். அடுத்த மழைக்கே தண்ணி போனது. அது வெறுமனே பேர்தான் என்று அவருக்குச் சொன்னவன் நான், அதுவும் பல வருஷம் கழித்து. அந்த உதவியையும் அவர் ரசிக்கவில்லை.

ஸ்டோர் வேலைக்குக் கடியாரம் வேண்டும். ரோலரில் அரைபட்ட நிமிஷத்திலிருந்து கொழுந்து புளிக்கத் தொடங்கும். நேரம் குறைந்தால் பச்சை வாடை, கூடினால் தேத்தண்ணி மந்தம். டீ மேக்கர் மூக்கால் கண்டுபிடிப்பார், அப்பா முள்ளைப் பார்த்துச் சொல்வார். ஆனால் தேயிலை ஸ்டோரைவிடக் கண்ணாடிக்கு ஆகாத இடம் வேறு இல்லை. இரும்புச் சட்டம், தராசுக் கொக்கி, ட்ரையர் கதவு, எங்கு பார்த்தாலும் தூசி. தூசியைச் சட்டையில் துடைப்பதுதான் பெரிய கேடு. ரோட்டுத் தூசியில் குவார்ட்ஸ் மணல் உண்டு. மோஸ் என்பவரின் கடினத்தன்மைப் பட்டியலில் குவார்ட்ஸ் 7, சாதாரணக் கண்ணாடி ஐந்தரைக்கு மேலே, ஜனதாவின் பிளாஸ்டிக் மூன்றைச் சுற்றி. துடைக்கத் துடைக்கக் கீறும். அப்பா சுத்தமான மனுஷன், நாற்பது வருஷத்துக்கு மேல் தினமும் துடைத்திருக்கிறார்.

அவரைப் பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும். 1996-ல் வரட்சி, மின்சாரத் தட்டுப்பாடு. மின்சாரத்தை மிச்சப்படுத்த மே 25-ம் திகதி அரசாங்கம் நாட்டின் கடியாரங்களை ஒரு மணித்தியாலம் முன்னால் தள்ளியது. அது தாங்காமல் ஒக்டோபரில் அரை மணித்தியாலம் பின்னால் இழுத்தது. பள்ளிக்கூடப் பிள்ளைகள் இருட்டில் டோர்ச் அடித்துக்கொண்டு குறுக்குப்பாதையில் இறங்கினார்கள். ஒவ்வொரு கல்யாணக் கார்டிலும் பழைய நேரமா புதிய நேரமா என்று போட வேண்டியிருந்தது. அப்பா அப்போது பென்ஷன் இல்லாத ஓய்வில், சேமலாப நிதிக் காசில் இருந்தார். அவர் ஜனதாவைத் தொடவே இல்லை. "ராகுகாலம் அரசாங்கத்தைக் கேட்டா வருது?" என்றார். அரை மணித்தியாலம் பிந்திய கடியாரத்தைக் கட்டிக்கொண்டு பஸ்ஸுக்கு அரை மணித்தியாலம் முந்திப் போய் நிற்பார். 2006 ஏப்ரல் 15-ம் திகதி நாடு பழைய நேரத்துக்கே திரும்பியது. அன்று காலை அப்பா வாசலில் உட்கார்ந்து, ரேடியோவில் மணி சொன்னதும் கையைப் பார்த்துவிட்டு, "வந்துட்டாங்களா" என்று மட்டும் கேட்டார். நானோ இந்தப் பத்து வருஷத்தில் என் கடியாரத்தை முன்னும் பின்னும் திருகித் திருகிக் குமிழைக் கையோடு கழற்றியிருந்தேன்.

இப்படிப்பட்டவருக்கு இப்படி ஒரு மகன்.

வேலையைத் தொடங்குவதற்கு முன் படித்தேன். என்னைப் பற்றி யாரும் சொல்ல மறந்துவிடுகிற நல்ல விஷயம் இது: நான் படிக்காமல் எதையும் கெடுப்பதில்லை. ஜனதாவின் கண்ணாடி கண்ணாடியே இல்லை, அக்ரிலிக். 1930களில் ஜெர்மனியில் பிளெக்சிகிளாஸ் என்றும் பிரித்தானியாவில் பெர்ஸ்பெக்ஸ் என்றும் சந்தைக்கு வந்த பொருள். இரண்டாம் உலகப் போரில் ஸ்பிட்ஃபயர் விமானங்களின் மூடி அதில்தான் செய்தார்கள். குண்டு பட்டு மூடி சிதறி, அதன் துண்டுகள் விமானிகளின் கண்ணுக்குள் போயின. லண்டனில் ஹெரல்ட் ரிட்லி என்ற கண் வைத்தியர் ஒன்றைக் கவனித்தார்: கண்ணுக்குள் போன பெர்ஸ்பெக்ஸை உடம்பு பகைக்கவில்லை. 1949-ல் சென் தோமஸ் ஆஸ்பத்திரியில் அதே பொருளில் வில்லை செய்து ஒரு கண்புரை நோயாளிக்கு வைத்தார். இன்று கண்ணுக்குள் வைக்கிற வில்லைகளில் பெரும்பாலானவை அந்தக் குடும்பத்து அக்ரிலிக்தான்.

எனக்கு இது பெரிய கண்டுபிடிப்பாக இருந்தது. ஒரே பொருள், ஒன்று அப்பாவின் கையில், ஒன்று அப்பாவின் கண்ணில். ஓடிப்போய்ச் சொன்னேன். நிலாவில் இறங்கிய ஓல்ட்ரினின் ஒமேகா கடியாரத்துக்கும் அக்ரிலிக் கண்ணாடிதான், வெடித்தாலும் கண்ணாடித் தூளாய்ச் சிதறாது என்பதால் என்றும் சேர்த்துச் சொன்னேன். அப்பா என் கையிலிருந்த பற்பசைக் குழாயைப் பார்த்தார்.

"கண்ணு டாக்டரு தேய்ச்சாரா? மாத்தித்தானே விட்டாரு" என்றார். பிறகு, எதற்கும் இருக்கட்டும் என்று, ஆபரேஷன் செய்த கண்ணைக் கையால் பொத்திக்கொண்டார்.

அந்த இடத்தில் நின்றிருக்க வேண்டும். புதுக் கண்ணாடி ஒரு கொத்து ரொட்டி விலைதான். ஆனால் மாற்றுவது யாராலும் முடியும். கீறலைப் போக்குவது ஒரு கலை என்று நான் நம்பியிருந்தேன்.

கீறல் அழுக்கு இல்லை என்பதுதான் இதில் முதலில் மண்டையில் ஏற வேண்டியது. அழுக்கு மேலே சேர்ந்தது, எடுத்தால் போகும். கீறல் என்பது அந்த இடத்தில் கண்ணாடி இல்லை என்பது. இல்லாததை எடுக்க முடியாது. சுற்றியுள்ள நல்ல பகுதியை எல்லாம் கீறலின் அடிமட்டம் வரைக்கும் தேய்த்து இறக்க வேண்டும். அப்படித் தேய்ப்பதும் கீறுவதுதான், கண்ணுக்குத் தெரியாத அளவுக்கு நுணுக்கமாகக் கீறுவது. வெள்ளைப் பற்பசையில் பல்லைத் தேய்க்கிற சுண்ணாம்புத் தூளோ சிலிக்காவோ இருக்கும். அக்ரிலிக்கின் மேல்தோலை எடுக்க அது போதும். ஈரத் துணியில் தொட்டு, அழுத்தாமல், பொறுமையாக.

முதல் தேய்ப்பில் மயிர்க்கீறல்கள் நிஜமாகவே போயின. இதைச் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் என் வாழ்க்கையில் இது அபூர்வம். பற்பசையைக் கழுவிவிட்டு வெளிச்சத்தில் பிடித்தபோது முகப்பு தெரிந்தது, நாகரி எழுத்துத் தெரிந்தது. நடுவே மூன்று மணிக்கும் எட்டு மணிக்கும் இடையில் ஒரு நீளக் கீறல் மட்டும் அப்படியே நின்றது. தராசுக் கொக்கி விழுந்த இடம் என்று அப்பா சொல்வார். ஈரமாக இருக்கும்போது அதுவும் மறைந்தது. காய்ந்ததும் வந்தது. மறுபடி நனைத்தேன், மறைந்தது. ஒளி காற்றிலிருந்து பிளாஸ்டிக்குக்குள் நுழையும்போது கோணம் மாறுவதால்தான் கீறல் கண்ணில் படுகிறது. பள்ளத்தை ஏதாவது நிரப்பிவிட்டால் கோணம் அவ்வளவாக மாறாது. அக்ரிலிக்கின் ஒளிவிலகல் எண் 1.49, தண்ணீருக்கு 1.33, தேங்காயெண்ணெய்க்கு 1.45. இதைக் கண்டதும் எனக்கு என்ன தோன்றியிருக்கும் என்று சொல்லத் தேவையில்லை.

ஒரு சொட்டுத் தேங்காயெண்ணெயைத் தடவி, மேலாகத் துடைத்து, சாயங்காலம் அப்பாவிடம் நீட்டினேன். அவர் அருகே பிடித்தார், தூரப் பிடித்தார். "பரவால்லையே" என்றார். மகள் கைதட்டினாள். மனைவி ஒன்றும் சொல்லாமல் எண்ணெய்ப் போத்தலின் மூடியைத் தேடினாள்.

ஆனால் தேங்காயெண்ணெய் 24 பாகைக்குக் கீழே உறையும். இறம்பொடையில் விடிகாலை எவ்வளவு குளிர் என்று எனக்குத் தெரியாதா? போத்தலை வெயிலில் வைத்துத்தானே தலைக்குத் தடவுகிறோம்? காலையில் அப்பா எழுந்து மணி பார்த்தார். தராசுக் கொக்கிக் கீறல் வெள்ளை வெளேரென்று, கோடு போட்டு, முன்பைவிட நன்றாகத் தெரிந்தது. இதுவரை கண்ணில் படாத சின்னக் கீறல்களும் வெள்ளையடித்துக்கொண்டு வந்து நின்றன. அவர் கடியாரத்தை மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்துவிட்டு, "சம்பலுக்கு ஆகும்" என்றார்.

இதற்கிடையில் பற்பசை வெற்றியின் செய்தி அக்கா வீட்டுக்குப் போய்விட்டது. அத்தானிடம் ஒரு சீக்கோ 5 உண்டு. அக்கா குவைத்தில் வீட்டு வேலைக்குப் போயிருந்தபோது வாங்கி அனுப்பியது. கிழமையை அரபியிலும் காட்டும். அதையும் தேய்த்துத் தரச் சொன்னார். சீக்கோவின் கண்ணாடி ஹார்ட்லெக்ஸ், பதப்படுத்திய அசல் கண்ணாடி. பற்பசை அதற்கு மேலே சறுக்கி விளையாடுமே தவிர ஒன்றும் செய்யாது. சீரியம் ஒக்சைட்டும் கம்பளிச் சக்கரமும் நிறையப் பொழுதும் வேண்டும். பல்லில் தட்டிப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும்: பிளாஸ்டிக் மொத்தையாகச் சத்தம் போடும், கண்ணாடி கிண்ணென்னும். நான் தட்டவில்லை. தேய்த்தேன். கீறல் ஒன்றும் போகவில்லை, பற்பசை மட்டும் வளையத்தின் இடுக்குக்குள்ளும் பட்டைக் கண்ணிகளுக்குள்ளும் போய்க் காய்ந்தது. அத்தான் நல்லவர், கோபிக்கவில்லை. வேர்த்தால் கையில் புதினா வாசம் வருகிறது என்று மட்டும் சொல்லியனுப்பினார்.

தராசுக் கொக்கிக் கீறலுக்குத் திரும்பினேன். ஆழமான கீறலுக்கு வோட்டர் பேப்பர்தான் வழி என்று படித்திருந்தேன். தண்ணீர் விட்டுத் தேய்க்கிற உப்புத்தாள், கறாஜில் பெயின்ட் வேலைக்காரர்கள் பாவிப்பது. ஜெர்மனியில் இதற்கென்றே பொலிவாட்ச் என்ற பசை விற்கிறார்கள். கொழும்பிலிருந்து எடுப்பிக்கப் பொறுமை இல்லை. பசார் ஹாட்வெயாருக்குப் போனேன். எது தேவைப்படும் என்று சரியாகத் தெரியாததால் எல்லாவற்றையும் வாங்கினேன்: வோட்டர் பேப்பரில் பல நம்பர், கட்டிங் பேஸ்ட், பித்தளை விளக்குக்குப் போடுகிற பிராசோ, சூப்பர் குளூ. எங்கள் ஊர் மலையில் சின்மயா மிஷன் எழுப்பிய 18 அடி ஆஞ்சநேயர் நிற்கிறார். மூலிகை எது என்று தெரியாமல் மலையையே பெயர்த்துக்கொண்டு போனவர். அவரை நினைத்துக்கொண்டேன். வித்தியாசம் என்னவென்றால் அவர் கொண்டுபோன மலையால் லட்சுமணன் பிழைத்தான்.

வோட்டர் பேப்பரின் பின்பக்கம் நம்பர் இருக்கும். 180, 400, 1000, 2000. சின்ன நம்பர் சாது, பெரிய நம்பர் முரடு என்று நான் எடுத்துக்கொண்டேன். யாரைக் கேட்டாலும் சொல்லியிருப்பார்கள், அது தலைகீழ் என்று. நம்பர் கூடக் கூடத் துகள் பொடியாகும். 2000-ன் துகள் பத்து மைக்ரோன் அளவு. 180-ன் துகள் எண்பது மைக்ரோன், ஒரு தலைமயிரின் கனம். கணிதமும் படிப்பிக்கிற நான் சாதுவிலிருந்து தொடங்கலாம் என்று 180-ஐ எடுத்தேன்.

தராசுக் கொக்கிக் கீறல் உடனே மறைந்தது. மறைந்தது என்றால், மற்ற எல்லாவற்றோடும் சேர்ந்து மறைந்தது. கண்ணாடி பனி மூடிய லபுக்கலைச் சந்தியாகிவிட்டது. முள் இருக்கிறதா இல்லையா என்றே தெரியவில்லை. டக் டக் என்ற சத்தம் மட்டும் உள்ளேயிருந்து வந்தது.

பதறாமல் 400, 1000, 2000 என்று ஏறியிருந்தால் தப்பியிருக்கலாம். அதற்கு ஒரு நுட்பம் உண்டு. ஒரு நம்பரைக் கிழக்கு மேற்காகத் தேய்த்தால் அடுத்த நம்பரை வடக்கு தெற்காகத் தேய்க்க வேண்டும். கிழக்கு மேற்குக் கோடுகள் எல்லாம் மறைந்தபிறகுதான் அடுத்த தாளைத் தொட வேண்டும். நான் எல்லாவற்றையும் வட்டமாகத் தேய்த்தேன். எந்தக் கோடு எந்தத் தாளுடையது என்று கண்டுபிடிக்க வழியே இல்லாமல் போனது. மங்கல் இருந்த இடத்திலெல்லாம் அழுத்தினேன். பிராசோ போட்டபிறகு ஒருவழியாகத் தெளிந்தது. ஆனால் மேடான கண்ணாடியின் ஒரு பக்கம் தட்டையாகியிருந்தது. வினாடி முள் பன்னிரண்டு, ஒன்று, இரண்டு என்று நிமிர்ந்து வந்து மூன்றைத் தாண்டியதும் இடுப்பை வளைக்கும். எட்டில் நிமிரும். மகள் அதைப் பார்த்துவிட்டுப் பள்ளிச் சிநேகிதிகளைக் கூட்டி வந்தாள்.

பார்க்க வந்தவர்களுக்குக் காட்டுவதற்காக இன்னும் கொஞ்சம் மெருகேற்றப் போனபோதுதான் கண்ணாடி கழன்றது. ஜனதாவின் கண்ணாடி ஒட்டியிருப்பதில்லை. விளிம்பு வளையத்துக்குள் இறுகி நிற்பது, அவ்வளவுதான். கட்டைவிரலால் ஓரத்தில் அழுத்தினேன். டொப்பென்று எழும்பி வந்தது. தலைகீழாய்ப் பிடித்து, உட்பக்கத்தைத் தடவிப் பார்த்து, திரும்ப அமுக்கினேன். நிற்கவில்லை. நிற்காவிட்டால் என்ன, சூப்பர் குளூ எதற்கு?

சூப்பர் குளூவைப் பற்றியும் படித்தேன், ஆனால் இந்தத் தடவை ஒட்டிய பிறகு. காயும்போது அதிலிருந்து ஆவி எழும்பும். காற்றில் ஈரம் இருந்தால் அந்த ஆவி அருகிலுள்ளவற்றின் மேல் வெள்ளையாய்ப் படியும். இறம்பொடைக் காற்றில் ஈரத்துக்குக் குறைவில்லை. அதிலும் கைரேகையின் வேர்வையும் எண்ணெயும் பட்ட இடத்தைத் தேடிப்பிடித்துப் படியும். எழுபதுகளின் கடைசியில் ஜப்பானியர் இதைக் கவனித்த பிறகு உலகமெங்கும் பொலிசார் குற்றவாளிகளின் விரல் அடையாளத்தை எழுப்ப இந்த ஆவியைத்தான் பிடிக்கிறார்கள். மறுநாள் விடியும்போது ஜனதாவின் கண்ணாடிக்கு உட்பக்கம் ஒரு கட்டைவிரல் ரேகை, சுழி சுழியாக, பால் வெள்ளையில் பதிந்திருந்தது. அடையாள அட்டைக்குக் கொடுத்தபோதுகூட என் ரேகை இவ்வளவு துலக்கமாக விழுந்ததில்லை.

வீட்டில் யாரும் யார் செய்தது என்று விசாரிக்கவில்லை.

குளூவைக் கரைக்க அசிட்டோன் வேண்டும் என்று தெரிந்தது. மகளின் நகப்பூச்சு அழிக்கிற போத்தலில் அது இருந்தது. ஓரத்தில் பஞ்சால் தொட்டேன். குளூ கரைந்தது. அசிட்டோன் அக்ரிலிக்கையும் கரைக்கும் என்பது அடுத்த பந்தியில் இருந்தது. ஓரம் பிசுபிசுத்து, வெளுத்து, நுண்ணிய வெடிப்புகளாய்ப் பூத்தது. அதற்குமேல் என்னிடம் சாமான் இல்லை. கட்டிங் பேஸ்ட் டப்பாவை மட்டும் இன்னும் உடைக்கவே இல்லை.

புசல்லாவையில் கடியாரம் திருத்துகிற நானா ஒருவர் இருக்கிறார். ஆள் அகலத்துக்கு ஒரு கடை, அதில் முக்கால்வாசி அவரே. கண்ணில் லென்ஸ் குழலை இடுக்கிக்கொண்டு ஜனதாவை வாங்கினார். திருப்பினார். மறுபடி முன்பக்கம் திருப்பினார். வெகுநேரம் ஒன்றும் சொல்லவில்லை.

"இது யாரு செஞ்ச வேலை, சேர்?"

வெளியே கண்டி பஸ் ஒன்று நின்று ஆட்களை ஏற்றிக்கொண்டிருந்தது. ஏறிவிடலாமா என்று யோசித்தேன்.

"வீட்டுல ஒரு பொடியன் கை வச்சிட்டான், நானா."

"பொடியனுக்கு என்ன வயசு?"

"சின்னவன்."

"சின்னவன்" என்றார். லென்ஸை எடுக்காமலே, ஊசியால் தொட்டுத் தொட்டுப் பேசினார். "மொதல்ல பேஸ்ட் போட்டிருக்கான். அது சரி. பொறகு முரட்டுத் தாள், 200க்குக் கீழே. பொறகு குளூ. பொறகு இங்கன பாருங்க, அசிட்டோன். சின்னப் பொடியனுக்கு இவ்வளவு சாமான் எங்கேருந்து கெடைச்சிச்சோ." பெட்டியிலிருந்து சின்னச் சின்ன உறைகளை எடுத்தார். ஒவ்வொன்றிலும் மில்லிமீட்டரில் பத்திலொரு பங்கு வித்தியாசத்தில் கண்ணாடிகள் இருந்தன. "சனிக்கிழமை வாங்க. மெஷின் நல்லாயிருக்கு. பொடியன் உள்ளுக்குள்ள எறங்கல்ல, அல்லாஹ் காப்பாத்தினான்."

சனிக்கிழமை அப்பாவும் வருவேன் என்று கிளம்பினார். கடியாரத்தை நான் தனியே கொண்டுவருவதில் அவருக்கு இஷ்டமில்லை.

நாங்கள் போய் நின்றபோதுதான் நானா கண்ணாடியைப் போட்டார். நகம் மாதிரிக் கால்கள் வட்டமாய் நிற்கிற ஒரு கருவி. அதில் புதுக் கண்ணாடியின் விளிம்பைப் பிடித்து இறுக்கினார். கண்ணாடி நடுவில் உப்பி, சுற்றளவில் கொஞ்சம் சுருங்கியது. வளையத்துக்குள் இறக்கி, பிடியைத் தளர்த்தினார். விரிந்து தானே இறுகிக்கொண்டது. குளூ இல்லை, தண்ணீர் இல்லை, வட்டமாகத் தேய்ப்பதும் இல்லை. தேத்தண்ணி ஊற்றி ஆறுவதற்குள் முடிந்தது.

அப்பா வாங்கி அருகே பிடித்தார், தூரப் பிடித்தார். முள் நிமிர்ந்தே சுற்றியது. ஆறு மணிக்குப் பக்கத்தில் முகப்பில் குளூவின் ஆவி பட்ட வெள்ளைப் புள்ளி ஒன்று நின்றுவிட்டது. அது போகாது என்று நானா சொன்னார். "இருக்கட்டும்" என்றார் அப்பா. பிறகு என் பக்கம் திரும்பி, "அதைத் தொடாத" என்றார்.

நானா பழைய கண்ணாடியை ஒரு துண்டுக் கடுதாசியில் வைத்து அப்பாவிடம் நீட்டினார்.

"ஐயா, ஒங்க பேரனுக்கு நல்ல பெரிய கட்டைவெரல்."

அப்பா அதை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார். ஆபரேஷன் செய்த கண்ணால் ரேகையைப் பார்த்தார். பிறகு கடை மேசையில் ஊன்றியிருந்த என் கையைப் பார்த்தார்.

"எனக்குப் பேரன் இல்லியே. பேத்தி ஒண்ணுதான்."

நான் காசை எடுத்தேன். நானா மிச்சத்தை எண்ணிக் கொடுத்தார், முகத்தில் ஒன்றும் காட்டவில்லை. கண்ணாடியைக் கடுதாசியில் மடித்து, அப்பாவின் கையிலிருந்து வாங்கி, என் சட்டைப் பையில் வைத்தார்.

"பொடியன்கிட்டக் குடுங்க, சேர். இதுல பழகட்டும்."